எம்புட்டுப் பயம் பீதி?

எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது சர்க்கார். சர்க்காருக்கு அது தெரியாது.

நான் தமுக்கு அடிப்பவன். எழுமலைக்குத் தெற்கே, மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எங்கள் ஊர். வரிக்குக் கெடு வைத்தால், கண்மாய் மடை திறந்தால், அம்மை குத்த ஆள் வந்தால், தெருத்தெருவாகப் போய்ச் சொல்வது என் பாட்டன் நாளிலிருந்து எங்கள் வீட்டு வேலை. சேரியில் பிறந்தவனுக்குப் பள்ளிக்கூடத்து வாசல்படி அந்தக் காலத்தில் ரொம்ப உயரம். நான் ஏறவில்லை.

கணக்குப்பிள்ளை சாவடிக்குள் நின்றுகொண்டு நோட்டீஸை ஒரு தடவை வாசிப்பார். நான் வெளியில் நின்று காதில் வாங்கிக்கொள்வேன். ஒரு சொல் பிசகாது. போய்ச் சொல்லிவிட்டு வருவதற்குள் அந்தக் காகிதத்தைச் சாவடியின் வெளிச்சுவரில் ஒட்டியிருப்பார்கள். எனக்கு ஒரு நாள் தோன்றியது: என் வாயில் இருப்பதுதானே சுவரிலும் இருக்கிறது? வாயில் முதலில் வருவது ‘இதனால்’. அப்படியென்றால் சுவரில் முதலில் நிற்பது ‘இ’. இப்படி ஒவ்வொன்றாகப் பிடித்தேன். ‘வரி’யில் பிடித்த ‘வ’வை ‘வருஷ’த்தில் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. மூன்று வருஷத்தில் எழுத்தெல்லாம் கைக்குள் வந்துவிட்டது. ‘ஔ’ ஒன்றுதான் ரொம்ப நாள் அகப்படாமல் இருந்தது. காலரா வந்த வருஷம் ஔஷதம் என்று போட்டிருந்தார்கள், அதில் அகப்பட்டது.

என் வீட்டுக்காரி அந்த வழியாக விறகுக்கட்டோடு போகும்போது நின்று கேட்பாள். “ஏய்யா, சுவத்துல அப்படி என்ன தெரியுது? பல்லியா?”

“இல்ல புள்ள, எழுத்து.”

“அது ஒனக்குக் கஞ்சி ஊத்துமா?”

“ஊத்தாது.”

“அப்பப் பல்லியையே பாரு. அதாவது வாலை ஆட்டும்.”

எங்கள் ஊரில் எல்லாருக்கும் வாய் இப்படித்தான். கையில் இல்லாததை வாயில் வைத்திருக்கிறவர்கள். ஒருத்தர் ஒரு சொலவடை எடுத்தால் அடுத்தவர் அதன் மேல் இன்னொன்றை ஏற்றுவார். அதையெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குப் பேசவே வந்தது.

தமுக்குக்கு ஒரு முறை உண்டு. சேதியைச் சொன்னவன் அடுத்த முக்குக்கு உடனே நடையைக் கட்டக் கூடாது. நிற்க வேண்டும். கேட்கிறவர்கள் கேட்பார்கள், தெரிந்ததைச் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். இதற்குக் ‘கேள்விக்கு நிற்பது’ என்று பெயர். சர்க்கார் பேசுகிற தமிழ் வேறு, சனங்கள் காதில் விழுகிற தமிழ் வேறு. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவன் தமுக்குக்காரன். “நிலவரி பாக்கிதாரர்கள் மேற்படி தேதிக்குள் செலுத்தத் தவறினால் ஜப்தி நடவடிக்கை” என்று நான் சொல்லி முடித்தால், “ஏப்பா, மாட்டைப் பிடிப்பாகளா, பாத்திரத்தைப் பிடிப்பாகளா?” என்று ஒருத்தர் கேட்பார். “மாட்டைத்தான் மொதல்ல பிடிப்பாக” என்று சொல்லிவிட்டுப் போவேன். கேள்விக்கு நின்றதில் நான் ஒரு நாளும் தலை குனிந்தது இல்லை. அந்த ஒரு நோட்டீஸ் வருகிறவரை நான் சொன்ன உத்தரவுக்கெல்லாம் ஓர் எல்லை இருந்தது. இந்தக் குளத்தில் மாடு கழுவாதே என்றால் அந்தக் குளத்தில் கழுவலாம் என்று அர்த்தம். வேலி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் ஆடு பயப்படாமல் மேயும்.

அது யுத்தம் நடந்த காலம். பர்மாவிலிருந்து சனங்கள் மலையும் காடுமாக நடந்தே ஊர் வந்து சேர்ந்துகொண்டிருந்த வருஷம். மதுரையில் குண்டு போடப் போகிறார்கள் என்று பேச்சு. அரிசி கிடைக்காது, மண்ணெண்ணெய் கிடைக்காது என்று பேச்சு. கல்லுப்பட்டிப் பக்கம் கதர் கட்டினவர்களைப் பிடித்துப் போனார்கள் என்றும் பேச்சு. ஒரு செவ்வாய்க்கிழமை காலை கணக்குப்பிள்ளை என்னைக் கூப்பிட்டு ஒரு நோட்டீஸை நீட்டினார். வழக்கம்போல வாசிக்கவில்லை.

“ஏண்டா, நீதான் பெரிய வித்துவானாச்சே. நீயே படிச்சுக்க. எனக்குத் தலைக்கு மேல வேலை கெடக்கு.”

கேலியாகத்தான் சொன்னார். எனக்கோ கையில் காகிதம் வந்ததே பெரிய மரியாதையாக இருந்தது. அதுவரை சுவரில் ஒட்டினதைத்தான் படித்திருக்கிறேன். வேப்பமர நிழலில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். இப்படிப் போட்டிருந்தது: யுத்த காலத்தில் பொதுஜனங்களிடையே பீதியை உண்டாக்கக்கூடிய எந்தச் சொல்லையும், பேச்சையும், சைகையையும் எவராவது பரப்பினாலும், பரப்ப எத்தனித்தாலும், அப்படி எத்தனிப்பதாகச் சந்தேகிக்க இடமிருந்தாலும் கைது செய்து தண்டிக்கப்படுவார்கள்.

எழுத்தெல்லாம் தெரிந்தது. வார்த்தையெல்லாம் தெரிந்தது. எல்லை மட்டும் தெரியவில்லை. கணக்குப்பிள்ளையிடம் திரும்பப் போனேன்.

“ஐயா, எந்தச் சொல்லுன்னு போடலையே?”

“போட்டிருக்கே, எந்தச் சொல்லும்னு.”

“அது சரிங்கய்யா. அப்ப எந்தச் சொல்லைச் சொல்லலாம்?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அதை மேல இருக்கவங்க பாத்துக்கிடுவாங்க. ஒனக்கு எதுக்கு? உள்ளதை உள்ளபடி சொல்லிட்டு வா.”

உள்ளதை உள்ளபடி சொன்னேன். சேரியிலும் கீழத்தெருவிலும் சொல்லிவிட்டு மேலத்தெரு முக்கில் தமுக்கைத் தட்டி நிறுத்தினேன். கேள்விக்கு நின்றேன். முதலில் வந்தவர் ஓர் ஆத்தா. மேலத்தெருவில் தோட்டம் வைத்திருக்கிற குடும்பம். கத்திரிக்காய் போட்டு அவரே சந்தைக்குக் கொண்டுபோய் விற்பார். ஊரில் எந்தப் பிள்ளைக்கு வயிறு கட்டினாலும் விளக்கெண்ணெய் கொடுப்பவரும் அவர்தான்.

“அடேய், இதென்னடா அநியாயம்! பேதி உண்டாக்குனா செயிலா? மாசத்துக்கு ஒரு தடவை பேதிக்குக் குடுக்காம எந்தப் பிள்ளைடா வளரும்?”

“பேதி இல்ல ஆத்தா. பீதி.”

“அதைத்தானடா நானும் சொல்றேன்!”

அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “பீதின்னா பயம் ஆத்தா. அடுத்தவுகளைப் பயப்படுத்துற மாதிரி எதுவும் பேசக்கூடாதுன்னு சொல்றாக.”

“யாரு பயப்படணும்?”

“போடலை.”

“எம்புட்டுப் பயம்?”

“போடலை.”

“என் மருமக நான் செருமுனாலே பயப்படுறா. அதுவுமா?”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. வெள்ளாமை பார்க்கிற சம்சாரி ஒருவர் கேட்டார், “மழை பெய்யாது போலன்னு சொன்னா?” இன்னொருவர், “அரிசி கெடைக்காதுன்னு சொல்லலாமா? கெடைக்கலையே!” என்றார். எனக்கு என்ன பதில் தெரியும்? தெரியாததைத் தெரியும் என்று சொல்வது தமுக்குக்காரனுக்கு அழகில்லை. மனசில் பட்டதைச் சொன்னேன்.

“எந்தச் சொல்லுன்னும் போடலை, எம்புட்டுப் பயம்னும் போடலை. சந்தேகம் வந்தாலே போதும்னு போட்டிருக்கு. அதனால எது சொன்னாலும் பிடிக்கலாம்னு வச்சுக்கங்க. சைகைக்கும் சேத்துத்தான்.”

இதுதான் நான் சொன்னது. ஒரு சொல் கூடவும் இல்லை, ஒரு சொல் குறையவும் இல்லை. சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் புதன்கிழமை, எங்கள் பக்கத்துச் சந்தை. அந்தச் சந்தையின் சத்தம் ஒரு மைலுக்கு அந்தப்பக்கமே கேட்கும். புளி விற்கிறவன் பாடுவான், கருவாட்டுக்காரி வைவாள், ஆடு கத்தும், ஆட்டை விட ஆட்டுக்காரன் கத்துவான். அன்றைக்கு நான் பனங்காட்டைத் தாண்டி வருகிறேன், சத்தமே இல்லை. சந்தை கூடவில்லையோ என்று நினைத்தேன். கிட்டே போனால் கூட்டம் எப்போதும்போல இருக்கிறது. யாரும் பேசவில்லை.

கத்திரிக்காயைக் கூறு கூறாக வைத்துவிட்டு ஆத்தா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வாங்குகிறவர்கள் காசைச் சாக்கின் மேல் வைத்துவிட்டு ஒரு கூறை எடுத்துக்கொண்டு போகிறார்கள். பேரம் இல்லை. ஒருவர் காசை வைத்துவிட்டு இரண்டு கூறை எடுத்தார். ஆத்தா வாயைத் திறந்தார், சுற்றுமுற்றும் பார்த்தார், மூடிக்கொண்டார். சரி, விரலையாவது ஆட்டுவார் என்று பார்த்தேன். சைகைக்கும் தண்டனை என்று நான்தானே சொல்லியிருக்கிறேன்! கண்ணை மட்டும் உருட்டினார். சந்தை முழுக்க ஆடுகள்தான் பேசிக்கொண்டிருந்தன.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அன்றைக்கு மூடியிருந்தது. நான் சொன்னது இத்தனை தூரம் வேலை செய்யும் என்று நினைக்கவே இல்லை.

பத்து மணிக்கு ஏட்டு சைக்கிளில் வந்தார். ஒவ்வொரு சந்தைக்கும் வருகிறவர்தான். வந்தவர் சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன, ஊர்ல எழவா?”

ஓர் ஆடு கத்தியது.

“கேக்குறேன்ல? யாருய்யா சொன்னது? அர்த்தாலா, கடையடைப்பா? எந்தக் கதர்க்காரன் வந்து சொன்னான்?”

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஏட்டுக்கு முகம் வெளிறிவிட்டது. கடைசியில் ஆத்தாவின் எதிரே போய் நின்று லத்தியால் சாக்கைத் தட்டினார். ஆத்தாவுக்கு வாய் பொறுக்கவில்லை. “பேசக்கூடாதுன்னு தமுக்குல சொன்னாக. இப்ப ஏன் பேசலைன்னு கேக்குறீக. எதைத்தான் கேக்குறது?” என்றார்.

அரைமணி நேரத்தில் என் கையில் விலங்கு. எதற்கென்று கேட்டேன். என் பேச்சால் பொதுஜனங்களிடையே பீதி உண்டாகிவிட்டதாம். எந்த உத்தரவைச் சொன்னேனோ அந்த உத்தரவின்படியே என்னைப் பிடித்தார்கள். என் வீட்டுக்காரி பின்னாலேயே ஓடி வந்து நடுச்சந்தையில் கத்தினாள். அன்றைக்கு அந்தச் சந்தையில் குரலை உயர்த்தினவள் அவள் ஒருத்திதான்.

“எய்தவன் எங்கேயோ கெடக்கான், அம்பைப் பிடிச்சு விலங்கு போடுறீகளே! அந்தக் காயிதத்தை அச்சடிச்சவனைப் பிடிங்கய்யா! குடுத்தவனைப் பிடிங்கய்யா!”

ஏட்டு திரும்பிப் பார்த்தார். இன்னொரு விலங்கு இல்லாததால் அவள் தப்பித்தாள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஸ்டேஷனில் அடிக்கவில்லை. அடிக்காமலே கேட்டார்கள். எவன் சொல்லிக்கொடுத்தான்? எந்தக் கட்சி? நான் கேள்விக்கு நின்ற கதையைச் சொன்னேன். அவர்களுக்கு அது விளங்கவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் கணக்குப்பிள்ளை வந்தார். கம்பிக்கு அந்தப்பக்கம் குந்தி உட்கார்ந்தார். எனக்கு எதிரே அவர் தரையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“இங்க பாரு. ஆறு மாசம் போடுவான். நாளைக்குக் கச்சேரியில மாஜிஸ்திரேட்டு கேட்டா ஒரே வார்த்தை சொல்லு. எனக்கு எழுத்துத் தெரியாது சாமி, தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன், மன்னிச்சிருங்கன்னு கால்ல விழுந்துரு. ஒன்னைப் பாத்தா நம்புவான். கண்டிச்சு விட்டுருவான். நான் இன்ஸ்பெக்டர்கிட்டயும் பேசிட்டேன்.”

நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு வீட்டில் இரண்டு குழந்தைகள், களை எடுக்கிற கூலி, வேறொன்றும் கிடையாது. ஆறு மாசம் நான் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட எழுத்துத் தேவையில்லை. சரி என்று தலையை ஆட்டினேன். ராத்திரி சோறு கொண்டுவந்த என் வீட்டுக்காரியிடமும் சொன்னேன்.

“சொல்லிட்டு வாய்யா. நீ படிச்சவன்னா நான் ஒன்னைக் கட்டிக்கிட்டேன்? எழுத்துத் தெரியாதுன்னு சொன்னா மண்டையில இருக்குறது அழிஞ்சா போகும்?”

அவள் சொன்னது சரிதான். அழியாது. ஆனால் அன்று ராத்திரி எனக்கு ஒன்று உறுத்தியது. அந்தக் காகிதத்தில் நான் ஓர் எழுத்தும் தப்பாகப் படிக்கவில்லை. தப்பாகப் புரிந்துகொள்ளவும் இல்லை. ஊரில் எல்லாரையும் விட நான்தான் அதைச் சரியாகப் புரிந்துகொண்டவன். அதற்கு அத்தாட்சி, நான் லாக்கப்பில் இருந்தேன்.

மறுநாள் தாலுகா கச்சேரி. மரத்தடியில் பார்த்தால் எங்கள் ஊர் நிற்கிறது. கோழி கூப்பிடக் கிளம்பி நடந்து வந்திருந்தார்கள். சேரி ஆட்கள் ஒரு மரத்தடி, மேலத்தெருக்காரர்கள் ஒரு மரத்தடி. அது அப்படித்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் எல்லாரும் வந்திருந்தார்கள். எவனோ ஒரு தமுக்குக்காரனுக்காக அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிரும். ஆத்தா போலீஸ் தரப்புச் சாட்சி. மாட்டுவண்டியில் கத்திரிக்காய் மூட்டையோடு வந்திருந்தார். சாட்சியும் சொல்லலாம், காயும் விற்கலாம்.

மாஜிஸ்திரேட் ஒல்லியான மனிதர், நடுத்தர வயசு. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். “என்னப்பா சொல்றே?”

கணக்குப்பிள்ளை என் முதுகுக்குப் பின்னால் தொண்டையைச் செருமினார். ‘எனக்கு எழுத்துத் தெரியாது சாமி’ என்பது நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் கேஸ் நடத்த வந்த இன்ஸ்பெக்டர் முந்திக்கொண்டார்.

“இவன் எங்க படிச்சான் சார்? தமுக்கு அடிக்கிற பயல். காயிதத்துல தலை எது, கால் எதுன்னு தெரியாது. எவனோ சொல்லிக்கொடுத்துத்தான் பேசியிருக்கான்.”

கச்சேரியில் நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒரு குமாஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் நான் காலில் விழுந்திருப்பேன். சத்தியமாக விழுந்திருப்பேன்.

“எனக்கு எழுத்துத் தெரியும் சாமி. நானேதான் படிச்சேன்.”

பின்னால் கணக்குப்பிள்ளை “கெட்டுச்சு போ” என்று முனகியது கேட்டது. மாஜிஸ்திரேட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார். மேசையிலிருந்த நோட்டீஸை எடுத்து நீட்டச் சொன்னார். “படி பார்க்கலாம்.”

படித்தேன். எனக்கு மெல்லப் படிக்கத் தெரியாது. எழுத்தைக் கண்டால் குரல் தன்னால் தெருமுக்கு அளவுக்குப் போய்விடும். கச்சேரி ஓட்டில் இருந்த புறாக்கள் பறந்தன. வெளியில் நின்றவர்கள் என்னமோ ஏதோ என்று வாசலுக்கு ஓடி வந்தார்கள். டவாலிச் சேவகர் “மெதுவா, மெதுவா” என்று கையை ஆட்டினார். நிறுத்தவில்லை. ‘எத்தனித்தாலும்’ என்பதில் பெரிய ஆட்களே தடுக்கி விழுவார்கள், நான் விழவில்லை. ‘தண்டிக்கப்படுவார்கள்’ என்று முடித்ததும் பழக்கதோஷத்தில் அப்படியே நின்றேன், கேள்விக்கு.

கேள்வி வந்தது. “இதுக்கு ஜனங்ககிட்ட என்ன அர்த்தம் சொன்னே?”

மேலத்தெரு முக்கில் சொன்னதையே சொன்னேன். எந்தச் சொல் என்று போடவில்லை, எம்புட்டுப் பயம் என்று போடவில்லை, அதனால் எது சொன்னாலும் பிடிக்கலாம்.

மாஜிஸ்திரேட் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். “நீங்க ஊர்ல சொல்றதா இருந்தா எப்படிச் சொல்வீங்க?”

“பீதி உண்டாக்குற பேச்சுப் பேசக்கூடாதுன்னு சொல்வேன் சார்.”

“எது அந்தப் பேச்சுன்னு கேட்டா?”

“அது... சந்தர்ப்பத்தைப் பொறுத்தது.”

“யார் தீர்மானிக்கிறது?”

“நாங்கதான் சார்.”

“அதைத்தானே இவன் சொல்லியிருக்கான்?”

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த கட்டைப் புரட்டினார். பிறகு ஆத்தாவைக் கூப்பிட்டார். சத்தியம் வாங்கிக்கொண்டு, “இவன் பேச்சைக் கேட்டு நீ பயந்தியா, இல்லையா?” என்றார். ‘பீதி’ என்று சொல்லாமல் பார்த்துக்கொண்டார். ஊரில் நடந்த பேதிக் கூத்து அவர் காதுக்கும் போயிருக்க வேண்டும்.

ஆத்தா இல்லை என்று சொல்லியிருந்தால் கேஸ் அங்கேயே படுத்திருக்கும். மரத்தடியில் அப்படிச் சொல்லச் சொல்லிப் பலபேர் அவரிடம் கெஞ்சியும் இருக்கிறார்கள். அவர் கூண்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார், மாஜிஸ்திரேட்டைப் பார்த்தார்.

“பயந்தேன் சாமி. சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்ல மாட்டேன். நல்லாவே பயந்தேன்.”

இன்ஸ்பெக்டர் “போதும், இறங்கு” என்றார். ஆத்தா இறங்கவில்லை.

“என்னைப் பேசச் சொல்லிக் கூட்டியாந்துட்டு எறங்குன்னா எப்படி? நான் இவனைக் கண்டு பயப்படலை. இவனைக் கண்டு எங்க வீட்டு நாய் கூடப் பயப்படாது. இவன் கையில இருந்த காயிதத்தைக் கண்டு பயந்தேன். மடியில கனம் இருந்தா வழியில பயம்னு சொல்லுவாக. எங்க மடியில ஒண்ணும் இல்ல, அதான் ஊருக்கே தெரியுமே. அப்படியும் பயம் வந்துச்சு. எது கனம்னே சொல்லாம, கனம் இருந்தா பிடிப்பேன்னா, வெறும் மடியை வச்சிருக்கவளும் நடுங்கத்தான செய்வா?”

குமாஸ்தா இந்தத் தடவை சிரிக்காமல் எழுதிக்கொண்டிருந்தார். நான் அதுவரை எத்தனையோ சொலவடை கேட்டிருக்கிறேன். ஒரு பழைய சொலவடையைப் பிரித்து, உதறி, புதுசாக மடித்து ஒரு துரைத்தனத்து மேசை மேல் வைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் எங்கள் ஊர்க்காரர் என்பதில் எனக்கு உண்டான பெருமையில், இனி என்ன தீர்ப்பு வந்தாலும் சரி என்று ஆகிவிட்டது.

தீர்ப்பு மத்தியானத்துக்குப் பிறகு வந்தது. மாஜிஸ்திரேட் இங்கிலீஷில் எழுதி முடித்துவிட்டு என்னிடம் தமிழில் சொன்னார். நான் சொன்னது பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் உத்தரவு பொய்யா மெய்யா என்று கேட்கவில்லை, பயம் உண்டாயிற்றா என்றுதான் கேட்கிறது. சந்தை வாயடைத்துப் போனது நிஜம், சாட்சியும் பயந்தேன் என்று சொல்லிவிட்டார். அதனால் குற்றவாளி இல்லை என்று எழுத அவருக்கு வழி இல்லையாம். “கச்சேரி கலையிற வரைக்கும் காவல். சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போகலாம்” என்றார்.

அதாவது மூன்று மணி நேரம் தண்டனை. கணக்குப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை. குற்றவாளி என்றால் குற்றவாளிதானே? அந்தக் காகிதம் எங்கேயாவது ஓர் அலமாரியில் கிடக்கும். நாளைக்கு எடுத்துப் பார்க்கிறவன், எழுத்துத் தெரியாத ஒருத்தன் எதையோ உளறி மாட்டிக்கொண்டான் என்று நினைப்பான்.

“சாமி, ஒரு விண்ணப்பம்.”

இன்ஸ்பெக்டர் “அதான் விட்டாச்சுல்ல?” என்றார். மாஜிஸ்திரேட் “சொல்லு” என்றார். என் வீட்டுக்காரி வாசலில் நின்று இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொள்வது எனக்குத் தெரிந்தது.

“தண்டனையைக் குறைக்கச் சொல்லலை. நான் சரியாப் படிச்சேன்னு மட்டும் அதுல எழுதணும்.”

அவர் பேனாவை மையில் தொட்டு, எழுதினதற்குக் கீழே ஒரு வரி எழுதினார். கச்சேரித் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு ‘எதிரி’ என்று பெயர். எழுதினதைத் தமிழில் எனக்கு வாசித்தார்: “எதிரி நோட்டீஸைப் பிழையில்லாமல் படித்தார்.”

ஐந்து மணிவரை கச்சேரித் தாழ்வாரத்தில் ஒரு போலீஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவரும் போகவில்லை. தாழ்வாரத்துக்கு எதிரே வெயிலில் உட்கார்ந்துகொண்டு என்னோடு சேர்ந்து தண்டனை அனுபவித்தார்கள். ஆத்தா காய் விற்று முடித்துவிட்டு வந்து கடைசிக் கூறைப் போலீஸ்காரரிடமே தள்ளிவிட்டார். திரும்பிப் போகும்போது வண்டியில் இடம் இருந்தது. ஏறு என்று அவர் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தோம். கணக்குப்பிள்ளை என் பக்கத்திலேயே நடந்தார்.

“நீ எழுத்துத் தெரியாதுன்னு சொல்லியிருந்தா, அப்ப வாசிச்சுக் காட்டுனது யாருன்னு அடுத்த கேள்வி வந்திருக்கும்டா. என் கழுத்துல வந்து நின்னிருக்கும். எனக்கு அங்க வந்துதான் அது புத்தியில பட்டுச்சு. என்னைக் காப்பாத்திட்ட.”

ஊரிலும் ரொம்ப நாள் அப்படித்தான் பேசினார்கள், கணக்குப்பிள்ளையைக் காப்பாற்றத்தான் நான் வாயைத் திறந்தேன் என்று. அது மெய்யில்லை. அவர் கழுத்து எனக்கு அப்போது ஞாபகமே இல்லை. அந்தக் குமாஸ்தாவின் சிரிப்புத்தான் ஞாபகம் இருந்தது.

அந்த உத்தரவு யுத்தம் முடிகிறவரை இருந்தது. எங்கே என்ன நடந்தாலும் ஏட்டு முதலில் என் வீட்டு வாசலில்தான் சைக்கிளை நிறுத்துவார். தமுக்கை என்னிடமிருந்து வாங்கவில்லை. வேறு யாருக்கும் அந்தத் தொண்டை இல்லை.

என் வீட்டுக்காரி அன்று வழிநெடுக என்னோடு பேசவில்லை. கண்மாய்க் கரை வந்ததும் கேட்டாள். “கடைசியா அவரு என்னமோ வாசிச்சாரே, அதைச் சொல்லு.”

“எதிரி நோட்டீஸைப் பிழையில்லாமல் படித்தார்.”

“படித்தானா, படித்தாரா?”

“படித்தார்.”

“அவரு அப்படியா சொன்னாரு? ஒன்னையவா?”

“என்னையத்தான்.”

வீட்டுக்குப் போய்க் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். பக்கத்து வீட்டில் நெருப்பு வாங்கப் போனவள் திரும்பி வர ஒரு நாழிகை ஆயிற்று. ‘படித்தார், படித்தார்’ என்று சுவருக்கு அந்தப்பக்கம் அவள் குரல் கேட்டது.

வெகுகாலம் கழித்து, இங்கிலீஷ் படித்த ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். இங்கிலீஷில் ‘படித்தான்’, ‘படித்தார்’ என்று இரண்டு கிடையாதாம். எல்லாருக்கும் ஒன்றுதானாம். அப்படியென்றால் அந்த ‘ஆர்’ தீர்ப்பில் எழுதியிருக்கவில்லை. என்னைப் பார்த்துத் தமிழில் சொல்லும்போது, அந்த மனிதர் தானாகப் போட்டுச் சொன்னது.